இன்சர்ட் பிளஸ் ஒன்று

விசைப்பலகையில் நாதியற்றுக் கிடக்கும் விசை எது என்று கேட்டால், இன்சர்ட் என்று தயங்காமல் சொல்லலாம். டெலீட்டைத் தேடிப் போன விரல் தப்பித் தவறி அதன்மேல் பட்டுவிட்டால் போதும். புதிதாக அடிக்கும் எழுத்து ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருந்த எழுத்தை விழுங்கத் தொடங்கும். என்ன நடந்தது என்று புரிவதற்குள் பாதி வாக்கியம் போயிருக்கும். அதற்கு அடுத்த இடம் கேப்ஸ் லாக்குக்கு. நம் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பேதமே கிடையாது என்பதால், தமிழில் எழுதுகிறவர் அதை எட்டிப் பார்ப்பதும் அரிது.

பார்வையற்றவர்களின் கணினியில் இதே இரண்டு விசைகளுக்கும் ராஜமரியாதை. இன்சர்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'டி'யைத் தட்டினால், எந்தச் சன்னல் திறந்திருக்கிறது என்று ஒரு குரல் சொல்கிறது. எஃப்12-ஐத் தட்டினால் மணி சொல்கிறது. சட்டென்று இரண்டு முறை தட்டினால் தேதி. கீழ் அம்புக்குறியைத் தட்டினால் கர்சர் நிற்கும் இடத்திலிருந்து கடகடவென்று படித்துக்கொண்டே போகிறது. கன்ட்ரோலைத் தொட்டால் வாயை மூடிக்கொள்கிறது.

அந்தக் குரலுக்குச் சொந்தமான மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். திரைநவிலி என்றும் சொல்கிறார்கள். நவிலுதல் என்றால் சொல்லுதல். பின்னதுதான் பொருத்தமான பெயர் என்று தோன்றுகிறது. இந்த மென்பொருள் திரையைப் 'பார்ப்பதே' இல்லை. ஒவ்வொரு பட்டனும் பட்டியலும் எழுதும் பெட்டியும் தன் பெயர் என்ன, வகை என்ன, நிலை என்ன என்று இயங்குதளத்திடம் சொல்லி வைத்திருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பேச்சாகவோ பிரெயில் புள்ளிகளாகவோ மாற்றித் தருவதே இதன் வேலை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பட்டன் தன்னைத் தானே விளம்பரப்படுத்திக்கொள்ளும். கண்ணில் படும், பெயர் எழுதியிருக்கும், அழுத்தத் தோன்றும். விசைக்கட்டளைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இன்சர்ட்டும் ஷிஃப்டும் பியும் சேர்ந்தால் மடிக்கணினியின் பேட்டரி நிலவரம் கேட்கலாம் என்பதை யாராவது எழுதி வைத்திருந்தால் மட்டுமே இன்னொருவருக்குத் தெரியவரும். மற்ற மென்பொருள்களில் விசைப்பட்டியல் என்பது பின்னிணைப்பு. ஆர்வமுள்ளவர் புரட்டிப் பார்க்கலாம். திரைவாசிப்பானில் அந்தப் பட்டியல்தான் முகப்பு. அதை எழுதுவது வெளியே அதிகம் தெரியாத ஒரு தொழில்நுட்பம்.

அதற்கும் முன்னால், கட்டளைகளுக்கு விசைகளை எங்கே தேடுவது என்ற கேள்வி இருக்கிறது. ஆரம்ப காலத்தில் அதை வேறு மாதிரி தீர்த்தார்கள். 1980களின் நடுவில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜிம் தாட்சர் உருவாக்கிய ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருளுக்கு 18 விசைகள் கொண்ட தனிப் பலகையே உண்டு. வேலைக்கு ஒரு பலகை, கேட்பதற்கு ஒரு பலகை. ஒன்றோடொன்று முட்டாது, ஆனால் கூடவே தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். 1989இல் டாஸ் இயங்குதளத்துக்கு வந்த ஜாஸ், இருக்கிற விசைப்பலகையையே நம்பியது. அதன் கர்த்தாவான டெட் ஹென்டர் மோட்டார்சைக்கிள் பந்தய வீரர். 1978இல் நடந்த கார் விபத்தில் பார்வையை இழந்தவர். விண்டோஸுக்கான ஜாஸ் 1995இல் வந்தது. பல ஆண்டுகள் அதுவே துறையின் முதலாளி. விலையும் முதலாளிக்குரிய விலை.

2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் பைத்தான் மொழியில் ஒரு திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அதற்கு என்விடிஏ என்று பெயர். சிறு வயதில் பார்வையற்ற குழந்தைகளுக்கான இசை முகாம் ஒன்றில் அறிமுகமான ஜேம்ஸ் டே பிறகு சேர்ந்துகொண்டார். அவரும் பார்வையற்றவர். இருவரும் 2007இல் என்வி அக்சஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பை நிறுவினார்கள். மென்பொருள் இலவசம், அதன் மூல நிரலும் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. கட்டளைகள் எப்படிப் பிறக்கின்றன, எப்படி ஏட்டில் ஏறுகின்றன என்பதை ஒளிவுமறைவில்லாமல் பார்க்க முடிவதால், இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி என்விடிஏவைச் சுற்றியே போகும்.

முதல் கேள்வி: ஏன் இன்சர்ட்?

விண்டோஸில் ஒரு விசையை அழுத்தியதும் அந்தத் தகவல் நேராக வேர்டுக்கோ பிரவுசருக்கோ போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. நடுவழியில் சுங்கச்சாவடி போட்டு உட்காரும் உரிமையை இயங்குதளம் சில மென்பொருள்களுக்குத் தருகிறது. திரைவாசிப்பான் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு விசையையும் நிறுத்தி, 'இது எனக்கா, அவனுக்கா?' என்று பார்க்கிறது. தனக்கானது என்றால் பிடித்து வைத்துக்கொள்கிறது. இல்லையென்றால் போக விடுகிறது. வேர்டில் கன்ட்ரோல் எஸ் சேமிப்பதற்கு, ஆல்ட் எஃப்4 மூடுவதற்கு என்று நல்ல கூட்டுகளை எல்லாம் மற்றவர்கள் ஏற்கெனவே பட்டா போட்டுக்கொண்டார்கள். யாரும் உரிமை கொண்டாடாத புறம்போக்கு நிலம் இன்சர்ட்டும் கேப்ஸ் லாக்கும்தான். அந்த இடத்தில் குடிசை போட்டு, நூற்றுக்கணக்கான கட்டளைகளுடன் மாளிகையாக எழுப்பிவிட்டார்கள். அப்படியும் எப்போதாவது மோதல் வரும். அதற்கும் ஒரு கட்டளை உண்டு: இன்சர்ட் எஃப்2. அடுத்து வரும் விசையை நிறுத்தாமல் அனுப்பிவிடு என்று அதற்குப் பொருள்.

பயனர் இன்சர்ட்டையும் வைத்துக்கொள்ளலாம், கேப்ஸ் லாக்கையும் வைத்துக்கொள்ளலாம், இரண்டையும் சேர்த்தும் வைத்துக்கொள்ளலாம். கையேடு எழுதுகிறவருக்கு இங்கேயே முதல் இடறல். ஒவ்வொரு வரியிலும் 'இன்சர்ட் அல்லது கேப்ஸ் லாக்' என்று எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் 'என்விடிஏ விசை' என்று ஒரு கற்பனை விசையைப் படைத்தார்கள். கையேட்டில் எல்லா இடத்திலும் 'என்விடிஏ பிளஸ் டி' என்றுதான் இருக்கும். அந்தப் பெயர் பொறித்த விசை உலகத்தில் எந்தப் பலகையிலும் கிடையாது! புதிதாகக் கற்கிறவர் முதலில் இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால், மீதி நூறு பக்கமும் அவருக்குப் பூட்டிய கதவு. கேப்ஸ் லாக்கைத் தேர்ந்துகொண்டவருக்கு அதன் பழைய வேலையும் என்றாவது தேவைப்படுமே? சட்டென்று இரண்டு முறை தட்டினால் அது பழைய கேப்ஸ் லாக்காக நடந்துகொள்ளும். இதையும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

வலது ஓரத்தில் இருக்கும் நம்பர் பேடுக்கு வந்தால், வடிவமைப்பின் அழகைக் கையால் தடவிப் பார்க்கலாம். 'நம் லாக்' விசை அணைந்திருக்கும்போது அங்கே எண்களுக்கு வேலை இல்லை. மேல் வரிசையில் இருக்கும் 7, 8, 9 ஆகியவை முந்தைய வரி, இந்த வரி, அடுத்த வரி. நடு வரிசையின் 4, 5, 6 ஆகியவை முந்தைய சொல், இந்தச் சொல், அடுத்த சொல். கீழ் வரிசையின் 1, 2, 3 ஆகியவை முந்தைய எழுத்து, இந்த எழுத்து, அடுத்த எழுத்து. மேலிருந்து கீழே இறங்க இறங்க அலகு சிறுத்துக்கொண்டே போகிறது. இடம் என்றால் பின்னால், வலம் என்றால் முன்னால், நடு என்றால் இங்கேயே. 5-இன் மேல் சிறு மேடு ஒன்று இருக்கும். எஃப், ஜே ஆகிய விசைகளிலும் அப்படி இருக்கும். பார்வையுள்ளவர்களில் பலர் வருடக்கணக்கில் தட்டச்சு செய்தும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அந்த மேட்டில் நடுவிரலை வைத்துவிட்டால் ஒன்பது கட்டளைகளும் விரல்களுக்குக் கீழே வந்துவிடும். மனப்பாடம் தேவையில்லை.

அதற்குமேல் தட்டும் எண்ணிக்கையிலும் பொருள் இருக்கிறது. 2-ஐ ஒரு முறை தட்டினால் எழுத்தின் பெயர். ஆங்கில 'பி', 'டி' இரண்டும் காதில் ஒன்றுபோலவே விழும். இரண்டு முறை தட்டினால் 'பிராவோ', 'டெல்டா' என்று ராணுவ வானொலிக்காரர்களைப்போலப் பிரித்துச் சொல்லும். மூன்று முறை தட்டினால் அந்த எழுத்தின் யூனிகோடு எண். 'க' மேல் நின்றுகொண்டு மூன்று தட்டு தட்டினால் 2965 என்று வரும்; பதினாறடிமானத்தில் பி95. ஆவணத்தில் எங்கோ ஒரு தவறான குறி நுழைந்து எழுத்துரு உடைந்திருக்கும்போது, பார்வையுள்ளவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தடுமாறுவார். இந்த மூன்று தட்டு நொடியில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் எத்தனை மடிக்கணினியில் நம்பர் பேடு இருக்கிறது? அதற்காக என்விடிஏவில் இரண்டு அமைப்புகள்: மேசைக்கணினிக்கு ஒன்று, மடிக்கணினிக்கு ஒன்று. மேசைக்கணினி அமைப்பில் 'முழுவதும் படி' என்பது என்விடிஏவும் கீழ் அம்பும். மடிக்கணினி அமைப்பில் அதே வேலைக்கு என்விடிஏவும் 'ஏ'யும். இங்கே கீழ் அம்புக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். என்விடிஏவோடு சேர்ந்தால், எழுதும் இடத்தை நகர்த்தாமல் படிப்பதற்கென்றே இருக்கும் 'பார்வையிடும் கர்சர்' அடுத்த வரிக்குப் போகும். ஆகவே கையேட்டின் அட்டவணையில் கட்டளையின் பெயர், மேசைக்கணினி விசை, மடிக்கணினி விசை, விளக்கம் என்று நான்கு நெடுவரிசைகள். சில அட்டவணைகளில் தொடுதிரைச் சைகைக்கு ஐந்தாவதாக ஒன்று. எந்த நெடுவரிசையைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் மாற்றிப் படித்துவிட்டு, 'இது வேலையே செய்யவில்லை' என்று சலித்துக்கொள்ளும் புதியவர்கள் உண்டு.

அட்டவணையைத் திறக்காமலே ஒரு கட்டளையைத் தெரிந்துகொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். அதுதான் என்விடிஏ பிளஸ் ஒன்று. இதை அழுத்தியதும் 'உள்ளீட்டு உதவி' நிலை தொடங்கிவிடும். அதன்பின் எந்த விசையைத் தட்டினாலும் அது தன் வேலையைச் செய்யாது. தான் யார் என்று மட்டும் சொல்லும். வீட்டு மின்சாரத்தை மெயினில் அணைத்துவிட்டு ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிப் பார்ப்பது போல. டெலீட்டைத் தட்டலாம், எதுவும் அழியாது. இன்சர்ட் எஃப் தட்டினால், கர்சர் இருக்கும் இடத்தின் எழுத்துரு, அளவு முதலிய வடிவமைப்பு விவரங்களைச் சொல்லும் கட்டளை இது என்று விளக்கம் வரும். போதும் என்றால் மறுபடி என்விடிஏ பிளஸ் ஒன்று. ஜாஸிலும் இன்சர்ட்டும் ஒன்றும்தான் இதற்கு. ஆப்பிளின் வாய்ஸ்ஓவரில் கன்ட்ரோல், ஆப்ஷன், கே மூன்றும் சேர வேண்டும். லினக்ஸின் ஆர்காவில் இன்சர்ட்டும் எச்சும். பெயரும் விசையும் மாறினாலும், இந்த ஏற்பாடு இல்லாத திரைவாசிப்பான் பெயர் சொல்லும்படியாக எதுவும் இல்லை.

அந்த விளக்கம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால், நிரல் எழுதியவரிடம்தான் போய் நிற்கும். என்விடிஏவில் ஒரு கட்டளையை எழுதுகிறவர் அதன் தலையிலேயே ஒரு வரி விளக்கம், அது சேர வேண்டிய வகை, இயல்பான விசை மூன்றையும் எழுதி வைக்கிறார். உள்ளீட்டு உதவி அந்த ஒரு வரியைத்தான் எடுத்துப் படிக்கிறது. விசைகளை விருப்பம்போல மாற்றிக்கொள்ள உதவும் 'உள்ளீட்டுச் சைகைகள்' என்ற உரையாடலிலும் அதே வரிதான் பட்டியலாகிறது. விளக்கம் எழுத மறந்துவிட்டால்? கட்டளை வேலை செய்யும். ஆனால் அந்தப் பட்டியலில் அதற்கு இடம் கிடையாது. பயனர் அதைத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது, வேறு விசைக்கு மாற்றவும் முடியாது. ஊரில் குடியிருந்தும் ரேஷன் கார்டு இல்லாதவரின் கதைதான். நிரலாளர்களுக்கு ஆவணம் எழுதுவது கசக்கும் என்பது எல்லா ஊரிலும் உண்மை. அந்தச் சோம்பலுக்கு இதைவிடக் கச்சிதமான தண்டனை வேறு இருக்க முடியாது.

இதோடு பெரிய பயனர் கையேடு ஒன்றும், உதவிப் பட்டியலில் 'கட்டளைகள் சுருக்கப் பார்வை' என்ற சின்ன ஏடு ஒன்றும் உண்டு. ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதினால் என்னவாகும் என்பது கணக்கு வழக்குப் பார்த்த எவருக்கும் தெரியும்: பேரேடு ஒன்று சொல்லும், குறிப்பேடு வேறொன்று சொல்லும். என்விடிஏக்காரர்கள் இதற்குச் செய்த ஏற்பாடு எளிமையானது. சுருக்க ஏட்டை யாரும் கையால் எழுதுவதே இல்லை. பெரிய கையேட்டின் மூலக் கோப்பில், வாசகர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத சிறு குறிப்புகளை அங்கங்கே செருகியிருக்கிறார்கள். 'கேசி' என்ற இரண்டெழுத்தில் தொடங்கும் அந்தக் குறிப்புகள் 'இங்கிருந்து எடு', 'இதோடு நிறுத்து', 'அடுத்து வருவது பயனர் மாற்றக்கூடிய ஒரு அமைப்பு, அதன் விசையையும் விளக்கத்தையும் எடு' என்று சொல்லும். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் சிறு நிரல் ஒன்று கையேட்டை மேலிருந்து கீழே வாசித்து, குறித்த பகுதிகளைக் கத்தரித்து ஒட்டிச் சுருக்க ஏட்டை உருவாக்கிவிடுகிறது. குறி பிசகியிருந்தால் பிழை காட்டி நின்றுவிடும். அரைகுறை ஏடு வெளியே போகாது. 2024இல் மூலக் கோப்புகளின் வடிவத்தைப் பழைய டிஎக்ஸ்டி2டேக்ஸிலிருந்து மார்க்டவுனுக்கு மாற்றியபோதும் இந்தக் குறிகளைக் கூடவே கொண்டுபோனார்கள்.

ஏடு எழுதுவது ஒரு பக்கம். அதைக் காதுக்காக எழுதுவது இன்னொரு பக்கம்.

கண்ணால் படிப்பவருக்கு எழுதிப் பழகியவர் 'வலது மூலையில் இருக்கும் பல்சக்கரப் படத்தைக் கிளிக் செய்க' என்று எழுதுவார். பக்கத்தில் அம்புக்குறி போட்ட படம் ஒன்றையும் ஒட்டுவார். இங்கே இரண்டும் குப்பை. எந்த விசையைத் தட்டினால் எந்தப் பட்டியல் திறக்கும், அதற்குள் எந்தப் பெயர் காதில் விழும் என்றுதான் சொல்ல வேண்டும். நிறுத்தக்குறிகளிலும் ஆபத்து இருக்கிறது. மடிக்கணினி அமைப்பில் 'இந்த எழுத்தைச் சொல்' என்ற கட்டளைக்கு விசை என்விடிஏவும் முற்றுப்புள்ளியும். இதை ஒரு வாக்கியத்தின் கடைசியில் அப்படியே குறியாகப் போட்டால், குரல் அந்தப் புள்ளியை வாய்விட்டுச் சொல்லாமல் மூச்சு விடும் இடமாக எடுத்துக்கொள்ளக்கூடும். கேட்பவருக்கு 'என்விடிஏ பிளஸ்' என்று கட்டளை பாதியில் அறுந்து நிற்கும். ஆகவே பத்திக்குள் எழுதும்போது 'முற்றுப்புள்ளி விசை' என்று சொல்லால் எழுதுவதே பத்திரம்.

பிளஸ் குறிக்கும் இதே வினை. விசைகளைக் கோப்பதற்குப் பிளஸ் போடுகிறோம். நம்பர் பேடிலோ பிளஸ் என்றே ஒரு விசை இருக்கிறது, மைனஸும் இருக்கிறது. என்விடிஏவையும் அந்த மைனஸையும் சேர்த்து அழுத்தினால், எங்கெங்கோ உலாவிக்கொண்டிருந்த பார்வையிடும் கர்சர் மீண்டும் ஃபோகஸ் இருக்கும் இடத்துக்கு, அதாவது விசையடிகள் போய்ச் சேரும் இடத்துக்கு, வந்து நிற்கும். குறிகளை மட்டும் போட்டு இதை எழுதினால் பிளஸும் மைனஸும் ஒட்டிக்கொண்டு கணக்குப் பாடமாகிவிடும். 'நம்பேட்மைனஸ்' என்று ஒரே சொல்லாக எழுதுவது அதற்காகத்தான். 'நம்பேட்2' என்பதையும் அப்படியே ஒட்டித்தான் எழுதுகிறார்கள். வெறும் '2' என்றால் மேல் வரிசை எண்ணைத் தட்டி ஆவணத்தில் ஒரு இரண்டைச் சேர்த்துவிட்டு வந்து நிற்பார்கள்.

ஒரு விசைக்கு ஒரே பொருள் என்றும் எழுதிவிட முடியாது. ஃபூபார்2000 என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் அழுத்தினால், பாட்டு எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று என்விடிஏ சொல்லும். அதே மூன்று விசையை வேர்டில் அழுத்தினால், திருத்தங்களைக் கண்காணிக்கும் வசதி விழித்துக்கொள்ளும். அது என்விடிஏவின் கட்டளையே இல்லை, வேர்டினுடையது. விசை ஒன்று சுங்கச்சாவடிக்கு வந்ததும் திரைவாசிப்பான் படிப்படியாகத் தேடுகிறது: பயனர் நிறுவிய கூடுதல் செருகல்களுக்கு இது வேண்டுமா, இப்போது திறந்திருக்கும் மென்பொருளுக்கென்று தனிக் கட்டளை உண்டா, வலைப்பக்கத்துக்குள் இருக்கிறோமா, ஃபோகஸ் நிற்கும் பொருளுக்கு ஏதாவது உண்டா, கடைசியாகப் பொதுக் கட்டளைகளில் இருக்கிறதா? முதலில் கைதூக்கியவருக்கே விசை. ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் 'எங்கே' என்ற விலாசமும் சேர்த்தே எழுதியாக வேண்டும். பவர்பாயின்டுக்குத் தனிப் பகுதி, எக்செலுக்குத் தனிப் பகுதி என்று கையேடு நீள்வது அதனால்தான். பிரெயில் காட்டிகளின் கதை இன்னும் நீளம். ஒவ்வொரு கருவிக்கும் விசை அமைப்பு வேறு என்பதால் கருவிக்கொரு அட்டவணை.

வலைப்பக்கத்துக்குள் நுழைந்தால் விதிகளே தலைகீழ். அங்கே இன்சர்ட்கூட வேண்டாம். ஒற்றை எழுத்தே கட்டளை. பக்கத்தின் உள்ளடக்கத்தை என்விடிஏ ஒரு நீண்ட ஆவணம்போல் தன்னிடம் பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது. படிக்கத்தான் வந்திருக்கிறோம், எழுத அல்ல என்பதால் எழுத்து விசைகள் சும்மா இருக்கின்றன. அவற்றுக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். எச் தட்டினால் அடுத்த தலைப்பு, டி தட்டினால் அடுத்த அட்டவணை, ஜி தட்டினால் அடுத்த படம். 1 முதல் 6 வரையான எண்கள் அந்தந்த மட்டத் தலைப்புக்கு. ஷிஃப்டைச் சேர்த்தால் பின்னோக்கிப் போகும். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எய்ம் அமைப்பு 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் 1,539 திரைவாசிப்பான் பயனர்களிடம் கேட்டது. நீளமான பக்கத்தில் ஒரு தகவலைத் தேட முதலில் தலைப்புகளைத்தான் பிடித்துக்கொண்டு போவோம் என்று 71.6 விழுக்காட்டினர் சொன்னார்கள். தலைப்பைத் தலைப்பாகக் குறிக்காமல், எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி ஒப்பேற்றும் இணையதளங்களில் எச் விசை ஊமையாகிப் போகிறது. கையேட்டில் எவ்வளவு தெளிவாக எழுதினாலும் இந்தக் குறையைத் திரைவாசிப்பான் தீர்த்துவிட முடியாது.

எச் எல்லோருக்கும் பொது. மற்ற எழுத்துகளில் ஒற்றுமை குறைவு. என்விடிஏவில் 'கே' என்றால் அடுத்த இணைப்பு; ஜாஸில் அது பயனர் குறித்துவைத்த இடத்துக்குத் தாவும். ஜாஸின் 'டி' — ஆங்கிலத்தின் நான்காம் எழுத்து — வேறு வகைப் பொருளுக்குப் போகும். என்விடிஏவில் அதே நான்காம் எழுத்து பக்கத்தின் பெரும் பகுதிகளுக்கு. டேபிளின் 'டி'யும் இந்த 'டி'யும் தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடுகின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். தமிழில் விசைக் கையேடு எழுத உட்கார்கிறவருக்கு முதல் நாளே வரும் தலைவலி இது.

என்விடிஏவின் முகப்பும் கையேடும் தமிழில் கிடைக்கின்றன, தன்னார்வலர்களின் உழைப்பு. கூடவே வரும் ஈஸ்பீக் என்ஜி என்ற பேச்சு மென்பொருளுக்குத் தமிழும் தெரியும். முகப்பு மொழியைத் தமிழாக்கிக்கொண்டால் உள்ளீட்டு உதவியும் தமிழிலேயே விளக்கம் சொல்லும். மொழிபெயர்க்காமல் விடுபட்ட வரி மட்டும் ஆங்கிலத்தில் ஒலித்துக் காட்டிக்கொடுக்கும். ஆனால் மொழிபெயர்ப்பு என்பது சொல்லுக்குச் சொல் போடுகிற காரியமாக இங்கே முடிவதில்லை. சன்னலின் மேல்பட்டையில் இருப்பதும் நமக்குத் தலைப்பு, கட்டுரைக்குள் வருவதும் நமக்குத் தலைப்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு சொல்; திரைவாசிப்பானில் இரண்டுக்கும் இரண்டு கட்டளை. ஒன்றைச் 'சன்னல் தலைப்பு' என்றும் மற்றதை 'உட்தலைப்பு' என்றும் பிரிக்காவிட்டால், கேட்பவர் எந்தக் கட்டளையைத் தட்டுவார்?

எழுத்துக்கும் பொருளுக்கும் இருந்த உறவும் தமிழில் அறுந்துபோகிறது. எச் என்றால் ஹெடிங் என்று ஆங்கிலம் பேசுகிறவருக்கு நினைவில் ஒட்டிக்கொள்ளும். தலைப்பு என்று கற்கும் ஒருவருக்கு எச்சோடு எந்தச் சொந்தமும் இல்லை. வாய்ப்பாடு போல உருப்போட வேண்டியதுதான். மொழிக்கேற்ப விசைகளை மாற்றிக்கொள்ள என்விடிஏவில் இடம் இருக்கிறது. ஒவ்வொரு மொழிக்கும் அதற்கென ஒரு கோப்பு வைத்துக்கொள்ளலாம். ஆயினும் மாற்றாமல் இருப்பதே விவேகம். சென்னையில் கற்றுக்கொண்டவர் சிட்னியில் இருப்பவரிடம் சந்தேகம் கேட்கும்போது, இருவருக்கும் எச் எச்சாகவே இருக்க வேண்டும்.

இத்தனையும் படித்துவிட்டு, இந்தக் கட்டளைகளின் உலகம் எப்படித்தான் இருக்கும் என்று தோன்றினால், தரவிறக்கம் எதுவும் தேவையில்லை. விண்டோஸ் கணினியில் நரேட்டர் என்ற திரைவாசிப்பான் கூடவே வருகிறது. விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரல் எழும். பிறகு இன்சர்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத் தட்டுங்கள். அங்கேயும் கற்றல் நிலைக்கு அதே விசைதான். திரையை அணைத்துவிட்டு, பலகையைத் தடவித் தடவி ஒவ்வொரு விசையாகக் கேட்டுப் பாருங்கள். போதும் என்றால் மறுபடி இன்சர்ட்டும் ஒன்றும். நரேட்டரை நிறுத்துவதற்கும் தொடங்கிய அதே மூன்று விசைகள்தான்.